மோனிஷா ஓடாத பந்தயம்

சென்னை
9 மார்ச் 2025

அன்புள்ள சித்திக்கு,

சிவரஞ்சனி எழுதுகிறேன். என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அம்மா போனிலிருந்து கூப்பிட்டபோதும் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நம்ம ஊர் கொட்டச்சேட்டுக்கு அனுப்பினால் தபால் கடையில் கிடக்கும், பால் வாங்க வருகிறவர்கள் எல்லாம் கவரைத் திருப்பிப் பார்ப்பார்கள். அதனால் ஏற்காட்டில் உங்கள் பள்ளிக்கே கூரியரில் அனுப்புகிறேன்.

மோனிஷாவின் கால் எப்படி இருக்கிறது? அவளும் என் மெசேஜுக்குப் பதில் போடுவதில்லை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். படிப்பின் பெயர் அத்லெடிக் டிரெய்னிங். ஓட்டம் சொல்லித்தருகிற படிப்பு என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அது இல்லை. விளையாடுகிறவர்களின் காயம் சம்பந்தப்பட்டது. காயம் வராமல் பார்ப்பது, வந்தால் அந்த இடத்திலேயே கவனிப்பது, இவர் இன்று ஆடலாம், இவர் ஆடக் கூடாது என்று சொல்வது. பிசியோதெரபியில் வலி வந்த பிறகு நம்மைத் தேடி வருவார்கள். இதில் நாம் முன்கூட்டியே மைதானத்தின் ஓரத்தில் நிற்க வேண்டும். இரண்டு வருடமாக நான் கிளினிக்கில் பார்ப்பதெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டவர்களைத்தான்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு விளையாட்டு வீரரை நீங்கள் தடுத்து நிறுத்திய ஒரு சந்தர்ப்பத்தை விவரித்து, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எழுதச் சொல்கிறார்கள். அவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு சந்தர்ப்பம். பிப்ரவரியில் சேலம் மைதானத்தில், ஓட்டப் பயிற்சி மையத்தின் விடுதித் தேர்வில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட வந்த மோனிஷாவை நான் ஓடவிடவில்லை. கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில், விரல்நுனி அளவு இடத்தில் அவளுக்கு வலி இருந்தது. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன், குதிக்க முடியவில்லை. எலும்பில் விரிசல் தொடங்கும்போது அப்படித்தான் இருக்கும். ஓடியிருந்தால் பாதிப் பந்தயத்தில் முறிந்திருக்கலாம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உங்களுக்குக் கோபம் இருப்பது தெரியும். அது தணிந்த பிறகு கேட்கலாம் என்று காத்திருந்தால் தேதி போய்விடும். மே பதினைந்துக்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும். நான் எழுதியிருப்பதன் தமிழ் நகலையும் ஒப்புதல் படிவத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
சிவரஞ்சனி

*

ஏற்காடு
20 மார்ச் 2025

சிவரஞ்சனிக்கு,

கவர் கிடைத்தது. சென்னையிலிருந்து எனக்குக் கூரியர் வந்தால் ஸ்டாஃப் ரூமில் அதைக் கேள்வித்தாள் என்றுதான் நினைப்பார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ விலங்கியல் பேப்பர் திருத்துகிற பழக்கத்தில் மூன்று இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்.

ஒன்று: ‘மலைப்பாதைகளில் வெறுங்காலுடன் ஓடிப் பழகிய பழங்குடிச் சிறுமி.’ மோனிஷாவிடம் இரண்டு ஜோடி ஷூ இருக்கிறது. ஒன்று நீ வாங்கிக் கொடுத்தது. அவள் மலைப்பாதையில் ஓடுவதும் இல்லை. காலையில் எஸ்டேட் பாதைகளில் காட்டெருமை நிற்கும் என்று தார் ரோட்டில்தான் ஓடுகிறாள். அவள் அப்பா பின்னால் ஸ்கூட்டரில் போகிறார். உனக்கு இதெல்லாம் தெரியும். அந்தப் பல்கலைக்கழகத்தாருக்குத் தெரியாது என்கிற தைரியத்தில் எழுதியிருக்கிறாய்.

இரண்டு: ‘ஸ்கேன் என் சந்தேகத்தை உறுதிசெய்தது.’ எந்த ஸ்கேன்? சேலத்தில் எடுத்தபோது கூட இருந்தது நான். எலும்பின் மேலுறையில் லேசான வீக்கம் என்றார் டாக்டர். விரிசலின் ஆரம்பமாகவும் இருக்கலாம், வெறும் அலுப்பாகவும் இருக்கலாம், சில வாரம் ஓட வேண்டாம் என்றார். நீ சொன்னது தப்பு என்று அவர் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இதற்குப் பெயர் உறுதிசெய்வது இல்லை.

மூன்று: ‘குடும்பத்தினர் என் முடிவைப் புரிந்து ஏற்றுக்கொண்டனர்.’ எந்தக் குடும்பம்?

நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதை நீ எழுதவில்லை. உனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்த மையத்துக்கு ஒரு விதி உண்டு. தேர்வு நாளன்று மைதானத்தின் மருத்துவக் குழு காயத்துக்காக நிறுத்திய பிள்ளைகளுக்கு ஜூனில் மறுதேர்வு வைப்பார்கள். தானாக விலகியவர்களுக்கு இல்லை. தேர்வு முடிவு வந்த பிறகு நான் மையத்துக்குப் போன் செய்து மறுதேர்வு எப்போது என்று கேட்டேன். போனை எடுத்த அம்மாள் பதிவைப் பார்த்துவிட்டு, உங்கள் மகளைக் காயம் என்று யாரும் நிறுத்தவில்லையே, குடும்பத்தார் வீட்டுக்கு அழைத்துச் சென்றதாகத்தானே இருக்கிறது என்றாள். அடுத்த வருடம் மோனிஷாவுக்கு வயது தாண்டிவிடும். ஆக அந்த விடுதி, அந்தக் கோச், அந்த மைதானம் எதுவும் இல்லை. எல்லாம் முடிந்தது.

அன்று எனக்குப் பள்ளியில் செய்முறைத் தேர்வு, வர முடியவில்லை. உன் சித்தப்பா கேலரியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அப்படியிருக்க எந்தக் குடும்பத்தார் அழைத்துச் சென்றார்கள் என்று நீயே சொல்.

படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை. கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

நீ கேட்டதாகச் சித்தப்பாவிடம் சொன்னேன். ‘அமெரிக்காக்காரனுக்கு ஓடச் சொல்லிக் குடுக்கப் போகுதாமா அந்தப் புள்ள?’ என்றார். உன் அம்மாவின் பிரச்சாரம் நன்றாக வேலை செய்கிறது.

புஷ்பலதா

*

சென்னை
28 மார்ச் 2025

அன்புள்ள சித்திக்கு,

முதல் கோடும் மூன்றாவது கோடும் சரி. இங்கே விண்ணப்பங்களுக்கு உதவுகிற ஏஜென்சி ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு பெண், கதை இல்லாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள், உங்கள் ஊரைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வாருங்கள் என்றாள். வெறுங்கால் அவள் யோசனை. எழுதியது நான்தான், அவள்மேல் பழி போட்டுத் தப்பிக்கவில்லை. இரண்டாவது கோட்டை நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிலையில் ஸ்கேனில் அதற்கு மேல் தெரியாமலும் போகும். ஆனாலும் ‘உறுதிசெய்தது’ என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன்.

நீங்கள் சொன்ன நான்காவது விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. படித்த பிறகு அன்று நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன்.

அன்று நான் மைதானத்தில் மருத்துவக் குழுவில் இருந்தேன். நம்ம பள்ளியில் எனக்கு உடற்கல்வி எடுத்த செல்வராஜ் சார்தான் அந்தக் குழுவுக்குப் பொறுப்பு. அவர் கூப்பிட்டுத்தான் சென்னையிலிருந்து வந்தேன். வார்ம்-அப்பில் மோனிஷா ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதைப் பார்த்து அவளை ஓரமாகக் கூட்டிப்போனேன். வலிக்கவே இல்லை என்றாள். தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். அழுதாள். அதற்குள் அவள் பந்தயத்துக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நிறுத்துவதற்கு மைதான டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார். நான் மோனிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு பதிவு மேசைக்குப் போய், இவள் ஓடமாட்டாள் என்றேன். மேசையில் இருந்தவர், ‘ஏனுங்க, நீங்க யாருங்க?’ என்று கேட்டார். என் கழுத்தில் மருத்துவக் குழுவின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

நான், ‘அக்காங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோங்க’ என்றேன்.

பிசியோ என்று சொல்லியிருந்தால் டாக்டர் எங்கே, கையெழுத்து எங்கே என்று கேட்டிருப்பார். அதற்குள் மோனிஷா கையை உதறிக்கொண்டு கோட்டில் போய் நின்றிருப்பாள். அக்கா என்று சொன்னால் நம்ம பக்கத்தில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. அவரும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

நேற்று செல்வராஜ் சாரிடம் போனில் பேசினேன். பதிவைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். ‘இப்ப எதுக்கு கண்ணு அதைப் போயி நோண்டற? அட்டை போட்டுட்டு நின்ன புள்ள அக்கான்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிருச்சுன்னா என்னையத்தான கேப்பாங்க? டாக்டர் எங்கடான்னு அடுத்த கேள்வி வரும். நீ உன் படிப்பப் பாரு சாமி’ என்றார். என் விண்ணப்பத்துக்கு மூன்று பேர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அதில் ஒருவர் அவர். மைதானத்தில் நான் வேலை செய்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அது அவருக்கும் தெரியும்.

என்ன செய்யட்டும் சித்தி? நீங்களே சொல்லுங்கள்.

சிவரஞ்சனி

*

கொட்டச்சேடு
6 ஏப்ரல் 2025

சிவரஞ்சனிக்கு,

என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீ செய்தால் அது என் கையெழுத்துக்கு நீ கொடுத்த விலையாகிவிடும். செய்யாவிட்டாலும் நான் சொன்னதைத் தட்டியதாக ஆகும். இரண்டும் எனக்கு வேண்டாம்.

உன் கடிதத்தில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். காலைத் தொட்டுப் பார்த்தவரை நீ உன் வேலையைச் செய்திருக்கிறாய். அதற்குப் பிறகு, உன் வேலையின் பெயரைச் சொன்னால் நான்கு கேள்வி வரும் என்று உறவைச் சொல்லிவிட்டாய். உறவைச் சொன்னால் கேள்வி வராது என்பது உண்மைதான். பதிலும் வராது. நாளைக்கு உன் அமெரிக்கப் படிப்பு காலை இன்னும் நுணுக்கமாகத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தரும். மேசைக்கு முன்னால் நின்று நான் யார் என்று சொல்வதைச் சொல்லித்தருவார்களா என்று தெரியவில்லை. நான் எதையும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பேன், உனக்கே தெரியும்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. நீ எனக்கு எழுதியது உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணம்மாள் அக்கா நேற்று மிளகு காயவைத்திருந்த களத்தில் நின்றுகொண்டு, என்னிடம் பேசாமல் உன் சித்தப்பாவைப் பார்த்துப் பேசினாள். ‘ஒரு கையெழுத்துங்க மாப்ள. எம் புள்ள என்ன சொத்தையா எழுதிக் கேக்குது?’ என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மிளகைக் கிளறிக்கொண்டிருந்தேன். அக்கா போகும்போது ஒரு சீப்பு மலைப்பழத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கோபமாக இருந்தாலும் அவளுக்குக் கைவீசிக்கொண்டு வரத் தெரியாது.

மோனிஷா மூன்று வாரமாக நடக்கிறாள், ஓடவில்லை. உன்னைப் பற்றி நான் எதுவும் கேட்பதில்லை. நேற்று அவளே சொன்னாள்:

‘அக்கா கை வெச்ச எடத்துலதாம்மா வலிச்சுது. வேற எடம்னு சொல்லி ஏமாத்தலாம்னு பாத்தேன். கண்டுபுடிச்சிருச்சு. பொங்கலுக்கு முன்னாலருந்தே வலிங்கமா. மாத்திரை போட்டுட்டுதான் ஓடிட்டு இருந்தேன்.’

நீ சொன்னதுதான் சரி என்பதற்கு இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே. வலி இருந்தது என்பதற்கு மட்டும்தான் இது சாட்சி. எலும்பு முறிந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

புஷ்பலதா

*

சென்னை
19 ஏப்ரல் 2025

அன்புள்ள சித்திக்கு,

பயிற்சி மையத்துக்கு எழுதிவிட்டேன். நான் மருத்துவக் குழுவில் இருந்தேன், காயம் என்று சந்தேகித்து நான்தான் நிறுத்தினேன், டாக்டரின் கையெழுத்து வாங்கவில்லை, மேசையில் உறவைச் சொல்லி அழைத்துப் போனேன், அதனால் பதிவு தவறாக இருக்கிறது, அவளுக்கு மறுதேர்வு தர வேண்டும் என்று எழுதினேன். செல்வராஜ் சாரின் பெயரைப் போடவில்லை. ஆனால் அன்று குழுவுக்குப் பொறுப்பு யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகாது. அதனால் அனுப்புவதற்கு முன் அவரிடமும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ‘செரி. அப்ப உன் லெட்டருக்கு வேற ஆளப் பாத்துக்க கண்ணு’ என்றார். என் கிளினிக்கின் டாக்டர் மரியதாஸ் அந்த இடத்துக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவர் என்னை எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை. நேரத்துக்கு வருகிறேன், நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசுகிறேன் என்றுதான் அவரால் எழுத முடியும்.

உங்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக இதைச் செய்ததாக நினைக்காதீர்கள். நினைத்தாலும் என்னால் எதுவும் செய்ய முடியாது. போன கடிதத்தில் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் எரிச்சலாக இருந்தேன். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பீர்கள், எதையும் செய் என்று சொல்லமாட்டீர்கள். அப்புறம் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததை எடுத்துப் படித்துப் பார்த்தேன். அதில் நான் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவே இல்லை. நானே நம்பமாட்டேன் என்று தோன்றியது.

புதிதாக எழுதியதைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் நடுப்பகுதி இது:

‘அவள் என் சித்தி மகள். அவளை ஓடவிடாமல் நிறுத்தியது சரி என்று நான் நினைக்கிறேன். அதை என்னால் நிரூபிக்க முடியாது. பின்னால் எடுத்த ஸ்கேன் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. நிறுத்திய விதம் தவறு. நான் யார் என்று கேட்டபோது, என் பொறுப்பைச் சொல்லாமல் அவளுடைய அக்கா என்று சொன்னேன். எங்கள் ஊரில் அது போதும். அதனால் அவளுடைய காயம் பதிவில் ஏறவில்லை. காயம்பட்டவர்களுக்குத் தருகிற மறுவாய்ப்பை அவள் இழந்தாள். அவள் அம்மாவிடம் நான் அன்றே பேசவில்லை.’

ஏஜென்சிப் பெண் இதைப் படித்துவிட்டு, ‘மேடம், இது அப்ளிகேஷன் மாதிரி இல்ல, வாக்குமூலம் மாதிரி இருக்கு’ என்றாள். பணம் கட்டியாயிற்று என்பதால் ஆங்கிலத்தை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தாள்.

இதிலும் கோடு போடுவீர்கள் என்று தெரியும். போடுங்கள்.

சிவரஞ்சனி

*

சென்னை
28 ஏப்ரல் 2025

அன்புள்ள சித்திக்கு,

மையத்திலிருந்து பதில் வந்துவிட்டது. உங்களுக்கும் நகல் அனுப்பியதாகச் சொல்கிறார்கள். தேர்வு நாளன்றே டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே காயம் என்று எடுத்துக்கொள்ள முடியும், பின்னால் வருகிற விளக்கத்தை ஏற்க முடியாது, மோனிஷாவுக்கு மறுதேர்வு இல்லை. பதிவில் என் பெயரைச் சேர்த்துத் திருத்தியிருக்கிறார்கள். இனி அவர்களுடைய தேர்வுகளுக்கு என்னை மருத்துவக் குழுவில் சேர்க்கப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

போனில் பேசிப் பார்த்தேன். மரியாதையாகப் பேசினார்கள். முடியாது என்றுதான் சொன்னார்கள்.

இப்போது உங்களிடம் கையெழுத்துக் கேட்பது சரியில்லை. மோனிஷாவுக்குக் கிடைக்காதது என்னால் கிடைக்காமல் போனது. அதையே எழுதி நான் ஒரு இடம் வாங்கிக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? வேறு எதையாவது வைத்து எழுதலாமா என்று பார்த்தேன். கழுத்துவலிக்காரர்களை யாரும் எந்தப் பந்தயத்திலிருந்தும் நிறுத்துவதில்லை. இந்த வருடம் அனுப்பாமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். படிவத்தை நீங்கள் கிழித்துவிடலாம்.

மோனிஷாவிடம் நீங்கள் எப்படிச் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. நான் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

சிவரஞ்சனி

*

கொட்டச்சேடு
4 மே 2025

சிவரஞ்சனிக்கு,

மையத்தின் நகல் வந்தது. மோனிஷாவிடம் நான் எதையும் பக்குவமாகச் சொல்லவில்லை, அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள். தோட்டத்துப் பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து சாப்பிட்டாள். மறுநாள் உன் புது நகலைக் கேட்டாள், அதையும் கொடுத்தேன்.

அவளிடம் ஒரே ஒரு ஆட்சேபணைதான். நீ அவள் அழுததாக எழுதியிருக்கிறாய். ‘நான் எங்கம்மா அழுதேன்? மூக்கு ஒழுகுச்சு. அன்னிக்கு எனக்குச் சளி’ என்கிறாள். அந்த வரியை எடுத்துவிடு. பெயரை மறைத்து ஓர் எழுத்தை மட்டும் போட்டிருக்கிறாய், அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பெயரைப் போடச் சொல்கிறாள். அங்கே அதற்கு விதி இருக்கும் என்றேன். அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

நான் கோடு எதுவும் போடவில்லை.

செல்வராஜ் சாரை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கோடை விடுமுறைக் கூட்டத்தில் கீழே இறங்குகிற பஸ் எல்லாம் நின்றுவிட்டது, பேசாமல் தப்பிக்க வழியில்லை. ‘புள்ள என்மேல கோவமா இருக்குதுங்களா டீச்சர்?’ என்றார். இல்லை, நீங்கள் அவள்மேல் கோபமாக இருப்பதாகத்தான் கேள்விப்பட்டேன் என்றேன். அவர் சிரித்தார். அடுத்த தேர்விலிருந்து டாக்டர் வராமல் பந்தயம் தொடங்கக் கூடாது என்று மையம் எழுதி அனுப்பியிருக்கிறதாம். ‘நொம்ப நல்லதுங்க, இனி நான் டாக்டருக்குச் சாப்பாடும் கையோட கொண்டு போகோணும்’ என்றார். பரிந்துரையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது உன் கடைசிக் கடிதத்துக்கு வருகிறேன். மோனிஷாவுக்குக் கிடைக்காததை வைத்து நீ இடம் வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். நீ அனுப்பாமல் விட்டால் அவளுக்கு மறுதேர்வு கிடைக்குமா? கிடைக்காது. இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்திருப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. நீ நினைப்பதுபோல் இது பெரிய தியாகமும் இல்லை. கழுத்துவலிக்குப் பழகிவிட்டாய், அதைவிட்டுக் கிளம்பப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. தவறாக இருந்தால் சொல்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். உன் சித்தப்பாவும் போட்டிருக்கிறார். ஐயாக்கண்ணு என்று தமிழிலேயே போட்டுவிட்டார், செல்லுமா என்று கேட்டுக்கொள். கையெழுத்துக்குக் கீழே, பெற்றோர் ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று இடம் விட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். இதைத்தான் எழுதினேன்:

‘இவள் என் அக்கா மகள், அதனால் என் பாராட்டுக்கு மதிப்பில்லை. நான் பாராட்டவும் இல்லை. அன்று இவள் செய்ததை நான் ஏற்கவில்லை. அது அவசியமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இவள் எழுதியிருப்பது நடந்ததுதான். இதை எழுதியதில் இவளுக்கு நஷ்டம்தான், இவள் யாரைத் திருப்திப்படுத்தவும் இதை எழுதவில்லை.’

இதைப் படித்துவிட்டு அவர்கள் உன்னை வேண்டாம் என்றால் அது உனக்கு ஏற்ற இடம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி ஆனால் என்னைக் குறை சொல்வாய், சொல். தேதி பதினைந்து என்றாய். கூரியர் இரண்டு நாளில் வந்துவிடும். யோசித்துக்கொண்டே இருக்காமல் அனுப்பு.

சேலம் டாக்டர் மோனிஷாவை மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். பள்ளி திறந்ததும் ஏற்காட்டிலேயே பயிற்சி. ஆகஸ்டில் மாவட்டப் போட்டி இருக்கிறது, விடுதி இல்லாதவர்களும் ஓடலாம். நீ எந்த ஊரில் இருக்கப்போகிறாயோ தெரியாது. இங்கே இருந்தால் அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஊருக்கு வா. அவள் காலை வீட்டில் வைத்துப் பார். ஓடக் கூடாது என்று தோன்றினால் முதலில் என்னிடம் சொல். நான் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டேன். சண்டையை அங்கேயே போட்டு முடித்துக்கொள்ளலாம்.

சித்தி